பாலத்துக்கு அப்புறம் தியேட்டர்

அன்று மாலை கடிதம் எழுதுவதற்காக முன்னறையில் கூடியவர்கள் ஐந்து பேர். கண்டக்டர் வாசல் கதவை ஒட்டி மடக்கு நாற்காலியில். அவர் மனைவி, பாலர் பள்ளி டீச்சர், நடுவில் மேசைக்குப் பின்னால், தாளும் பேனாவும் கைக்கெட்டும் தூரத்தில். கண்டக்டரின் அக்கா, ஊருக்கே பெரியக்கா, மெத்தை நாற்காலியில். அந்த வீட்டில் மெத்தை நாற்காலி ஒன்றுதான், அவள் வந்த நாள் முதல் வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. டீச்சரின் தம்பி, மருந்துக்கடை வைத்திருப்பதால் மருந்துக்கடை என்றே அழைக்கப்படுபவன், சுவரோரம் ஸ்டூலில், மடியில் கண்டக்டரின் ஆஸ்பத்திரி ஃபைலோடு. கண்டக்டரோடு ஒரே வண்டியில் பல வருஷம் ஓடிய டிரைவர், செல்லப்பெயர் பிரேக்கு, எல்லோருக்கும் முன்னால் சன்னலோரம். யாரும் யோசித்து உட்காரவில்லை. ஆனாலும் அது அப்படித்தான் அமைந்தது: முன்னால் டிரைவர், வாசலில் கண்டக்டர், நடுவில் சண்டை.

எழுத வேண்டிய கடிதம் டெப்போ மேனேஜருக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்டக்டருக்குக் காய்ச்சல் வந்தது, காய்ச்சல் நுரையீரலுக்குள் இறங்கியது, இரண்டு நுரையீரலும் ஒரே நேரத்தில் கடையை மூடின. வாரக்கணக்கில் மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. பிழைத்து எழுந்து வந்தவரை டெப்போக்காரர்கள் பஸ்ஸில் ஏற்றப் பயந்து, பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட்டு, இவற்றுக்கு நடுவில் ஒரு மேசை. பல்செட்டைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை. வேலையில்லாத மத்தியான நேரங்களில் அவரும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல்செட்டு மட்டும் சிரிக்கும். இப்போது மேனேஜர் கேட்டிருந்தார்: மறுபடி பஸ்ஸுக்கு வருகிறாரா, இல்லை அந்த அறையிலேயே நிரந்தரமாக இருந்துவிடுகிறாரா? டாக்டர் சான்றிதழோடு அவரே கைப்பட எழுதிய கடிதம் இந்த வாரத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் அறைதான், அதற்கப்புறம் பேச்சில்லை.

கண்டக்டருக்கு பஸ் வேண்டும். தூக்கத்தில்கூட சில்லறை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அதை அவர் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காரணம், அவர் வாய் அவரிடம் இல்லை.

அது இப்படி நடந்தது. தொண்டையில் குழாய் இருந்த நாட்களில் அவரால் பேச முடியாது. டாக்டர் வந்து கேட்பார், டீச்சர் பதில் சொல்வாள். பேசத் தெரியாதவர்களுக்காகப் பேசுவது அவளுக்குப் பழகிய தொழில். வகுப்பில் மூன்று வயசுப் பிள்ளை உதட்டைப் பிதுக்கினாலே அது பசியா பாத்ரூமா என்று சொல்லிவிடுவாள். குழாயை எடுத்தார்கள். குரல் திரும்பி வர ஒரு மாசம் பிடித்தது. திரும்பி வந்து பார்த்தால், தன் இடத்தில் வேறு குரல் உட்கார்ந்திருந்தது. நிற்கும் பயணி எத்தனை நேரம்தான் சீட்டுக்காரரை முறைப்பது? கண்டக்டரின் குரல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மூன்று வருஷம் வந்தது.

அந்த மூன்று வருஷமும் அவர் போகாத ஆஸ்பத்திரிக் கதவு இல்லை. நுரையீரல் டாக்டரம்மா தொண்டைக்காரரிடம் அனுப்புவார், தொண்டைக்காரர் தசைக்காரரிடம், தசைக்காரர் இதயக்காரரிடம், இதயக்காரர் “எல்லாம் சரியாத்தான் இருக்கு, எதுக்கும் ஒருதடவை மனசு டாக்டரைப் பாத்துடுங்க” என்று மாற்று வண்டியில் ஏற்றிவிடுவார். மனசு டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் டீச்சர் பதில் சொன்னாள். அவர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையைக் கண்டக்டர் விழுங்கினார். இவை போக, தும்மினால் அவசரப் பிரிவு. அங்கே வாசல் காவலாளி இவர்களைக் கண்டதும் சீட்டுக் கேட்காமல் கதவைத் திறந்து, “வாங்க டீச்சர், இன்னிக்கு இருமலா, ஏப்பமா?” என்பார். ஒருமுறை உண்மையாகவே ஏப்பம்.

இதில் அவரவர்க்கு அவரவர் கணக்கு. பெரியக்கா ஆஸ்பத்திரி நாட்களில் ஒரு வாரம் துணைக்கு என்று வந்தவள். தம்பிக்கு முழுசாகக் குணமானால் தன் மருமகள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த மருமகளை நினைத்தால் தம்பி இன்னும் கொஞ்சம் இருமினால் தேவலை என்றிருந்தது. மருந்துக்கடைக்கோ மாமா மேல் உயிர். “மாமா நூறு வயசு இருக்கணும்” என்று அவன் மனசாரச் சொல்வான். நூறு வயசு வரைக்கும் எந்தெந்த மாத்திரை என்பது அவன் கடை அலமாரியில் தனித்தட்டாகவே இருந்தது.

இப்படியிருக்க, அன்று காலை நடந்ததுதான் விஷயம். நுரையீரல் டாக்டரம்மா கண்டக்டரை ஒரு குழாயில் ஊதச் சொன்னார், நெஞ்சைப் படம் எடுத்தார், பிறகு ஃபைலை மூடிவிட்டு, “எப்படி இருக்கீங்க? மூச்சு வாங்குதா?” என்றார்.

“வாங்குது டாக்டர்” என்றாள் டீச்சர். “மாடிப்படி ஏறினா வாங்குது. போன வாரம் செருப்பு மாட்டும்போது ஒருதடவை வாங்குச்சு.”

“டீச்சர், இன்னிக்கு அவர் சொல்லட்டுமே.”

டீச்சர் வாயை மூடிக்கொண்டாள். கண்டக்டர் தொண்டையைச் செருமினார். இத்தனை நாள் காத்திருந்த சீட்டு காலியாகிவிட்டது. உட்கார வேண்டியதுதான் பாக்கி. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூச்சு வாங்குகிறதா? உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தால் அங்கே யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, எனக்கு மூச்சு வாங்குதா?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாடு கன்னத்தில் தெரிந்தது. “சரி, நடந்து பாத்துடுவோம்” என்றார்.

ஆறு நிமிஷ நடை என்று ஒரு பரிசோதனை. நீள வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்க வேண்டும். விரலில் ஒரு கிளிப்பு மாட்டி மூச்சையும் துடிப்பையும் பார்ப்பார்கள். பரிசோதனை செய்யும் பெண், “அவர் மட்டும் தனியா நடக்கணும், யாரும் பேசக் கூடாது” என்றாள். டீச்சர் பேசவில்லை. கூட நடந்தாள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், ஒரு கையில் துண்டு, தோளில் பை. அவர் விழுந்தால் தாங்க அரை அடி பின்னால். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று பாதி நேரம் முன்னால் போய்ப் பின்பக்கமாக நடந்தாள். கண்டக்டரோ நெரிசலில் நடந்தே வாழ்ந்த மனிதர். ஆட்டமில்லாத தரையும் காலியான வராந்தாவும் கிடைத்ததும் கால் தன்னால் வேகம் பிடித்தது. எதிரே வந்த சக்கர நாற்காலிக்கு, “உள்ள தள்ளிப் போ, உள்ள தள்ளிப் போ” என்று வாய்க்குள் முனகினார்கூட. ஆறு நிமிஷம் முடிந்தது. அவர் நிமிர்ந்து நின்றார். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு, தான் கொண்டுவந்த தண்ணீரைத் தானே குடித்து, தான் கொண்டுவந்த துண்டால் தானே துடைத்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைப் பெண் அவர் விரலைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். கிளிப்பைக் கழற்றி டீச்சர் விரலில் மாட்டினாள். மாட்டிய வேகத்தில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

“எத்தனை நாளா இந்தப் படபடப்பு?” என்று டாக்டரம்மா கேட்டார்.

டீச்சருக்குப் பேச மூச்சில்லை. “ரொம்ப நாளாவே இருக்கு டாக்டர்” என்றார் கண்டக்டர். “படி ஏறினா வருது. ராத்திரி ரெண்டு மூணுதடவ எழுந்து உக்காந்துக்குவா. கேட்டா தண்ணி குடிக்கன்னு சொல்லுவா. பாட்டில் அப்படியேதான் இருக்கும்.”

டீச்சர் திடுக்கிட்டுப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அவர் அந்த ஆஸ்பத்திரியில் பேசிய மிக நீளமான பேச்சு அது. டாக்டரம்மா இரண்டு சீட்டு எழுதினார். ஒன்று, இவர் எந்த வேலையும் செய்யலாம், இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று. இன்னொன்று, அடுத்த வியாழக்கிழமை டீச்சர் வர வேண்டும் என்று.

அந்த முதல் சீட்டுதான் இப்போது மேசை மேல் இருந்தது. யாரும் தொடவில்லை.

“நான் சொல்றத எழுது” என்று பெரியக்கா ஆரம்பித்தாள். “ஐயா, எங்க தம்பி செத்துப் பொழச்சவன். அவன் பஸ்ஸுலயும் வரமாட்டான், ரூமுலயும் உக்காரமாட்டான். சம்பளத்த வீட்டுக்கே அனுப்பிடுங்கன்னு எழுது.”

“அனுப்புவாங்க அண்ணி, கூடவே மாலையும் போட்டு அனுப்புவாங்க” என்றாள் டீச்சர்.

“அக்கா, டெக்னிக்கலா எழுதணும்” என்றான் மருந்துக்கடை, ஃபைலைப் புரட்டி. “மாமா இப்ப எடுத்துக்கற மாத்திரை எல்லாத்தையும் வரிசையா எழுதினா, மேனேஜர் ரெண்டாவது பக்கத்துக்கு மேல படிக்கமாட்டாரு. ரூமே இருக்கட்டும்னுடுவாரு.”

“ரெண்டு பக்கத்துக்கு என்னடா மாத்திரை?” என்றாள் டீச்சர்.

“நான் ஒண்ணும் சும்மா குடுக்கலக்கா. டாக்டர் எழுதினதுதான். கொஞ்சம் டாக்டர் எழுத மறந்தது.”

சன்னலோரத்தில் பிரேக்கு அதுவரை பேசவில்லை. அவர் உட்கார்ந்தாலே வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்; பெரியக்கா பேசும்போது இன்னும் கொஞ்சம் அழுத்தும். இப்போது காலைத் தளர்த்தினார். “தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இவன் போனதுக்கு அப்புறம் எனக்கு மூணு கண்டக்டர் மாறிட்டாங்க. ஒருத்தன் விசில் ஊதமாட்டான், வெக்கப்படறான். ஒருத்தன் ஊதினா நிறுத்தவா எடுக்கவான்னு தெரியாது. இப்ப இருக்கறவன் போன்ல மெசேஜ் அனுப்பறான், ‘அண்ணே எடுங்க’ன்னு. நான் ஸ்டியரிங்கப் பிடிப்பனா, அதப் படிப்பனா? ரைட்டு வரணும்.”

ரைட்டு என்பது கண்டக்டர். அவர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார்.

“உங்களுக்கு விசில் வேணும், எனக்கு மனுஷன் வேணும்” என்றாள் டீச்சர். குரல் கொஞ்சம் ஏறியது. “விசில் யாரு ஊதறது? அந்த நுரையீரல்தானே ஊதணும்? நீங்க பாத்தீங்களா அது வெள்ளையா போனத? படத்துல பாத்தவ நானு. ஒரு ட்ரிப்புக்கு எத்தனை ஸ்டாப்பு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஊது. கோர்ட்டு வாசல், தண்ணித்தொட்டி, மார்க்கெட்டு, பழைய தியேட்டர், பாலம், பொண்ணுங்க ஸ்கூலு…”

கண்டக்டர் தலையை நிமிர்த்தினார்.

அவருக்கு ஒரு கனவு உண்டு. கனவா என்பதே சந்தேகம். மெஷின் மூச்சு விட்ட நாட்களில் அவருக்கு நினைவில் மிஞ்சியது அது ஒன்றுதான்: எங்கோ இருட்டில் ஒரு பஸ் போய்க்கொண்டிருக்கிறது, யாரோ ஸ்டாப்புகளைச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள், ஒவ்வொரு தடவையும் தப்பாகச் சொல்கிறார்கள். மார்க்கெட்டுக்கு அப்புறம் தியேட்டராம், தியேட்டருக்கு அப்புறம் பாலமாம். பாலத்தைத் தாண்டாமல் தியேட்டர் எப்படி வரும்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கட்டடம் நடந்தா வரும்? அவர் எரிச்சலில் புரண்டார். வாயைத் திறக்கப் பார்த்தால் வாயில் ஏதோ அடைத்திருந்தது. ட்ரிப்புக்கு ட்ரிப்பு அதே தப்பு. தியேட்டருக்கு டிக்கெட் எடுத்தவன் எல்லாம் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தான். யாராவது திருத்த வேண்டும், எழுந்தாவது திருத்த வேண்டும் என்று திமிறித் திமிறித்தான் அவர் கண்ணைத் திறந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மனசு டாக்டரிடம் மறுபடி ஏற்றிவிடுவார்கள்.

“என்ன சொன்ன?” என்றார்.

“என்னத்த?”

“மார்க்கெட்டுக்கு அப்புறம்.”

“தியேட்டரு. அப்புறம் பாலம்.”

கண்டக்டர் எழுந்துவிட்டார். மடக்கு நாற்காலி அவருக்குப் பின்னால் தானாக மடங்கி விழுந்தது. “பாலத்துக்கு அப்புறம்தான் தியேட்டர்! எத்தனதடவ சொல்றது? மார்க்கெட்டு, பாலம், பழைய தியேட்டர், பொண்ணுங்க ஸ்கூலு, மரக்கடை, ஆஸ்பத்திரி, ரயில்வே கேட்டு, கடைசி ஸ்டாப்பு, திரும்பி வந்தா கேட்டு, ஆஸ்பத்திரி, மரக்கடை, ஸ்கூலு, தியேட்டர், பாலம், மார்க்கெட்டு, தண்ணித்தொட்டி, கோர்ட்டு வாசல், டெப்போ, எறங்கறவங்க முன்னாடி வாங்க, படியில யாரும் நிக்காதீங்க!”

அந்தக் குரல் முன்னறைக்கு ரொம்பப் பெரிசு. பெரியக்கா தன்னையறியாமல் மெத்தை நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டாள். பிரேக்கின் கால் தரையை அழுத்தியது. தெருவில் போன யாரோ ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மருந்துக்கடைதான் முதலில் கவனித்தான். “மாமா, நடுவுல மூச்சே எடுக்கல நீங்க.”

கண்டக்டருக்கும் அது அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவர் மனம் வேறு இடத்தில் இருந்தது. அவர் டீச்சரையே பார்த்தார். “அது நீயா?”

டீச்சர் மேசை மேலிருந்த பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். “பேசிட்டே இருங்க, காதுல விழும்னு நர்ஸ் சொன்னா. எவ்வளவு நேரம் பேசறது? வீட்டுக்கதை தீந்துச்சு, ஸ்கூல் கதை தீந்துச்சு, அண்ணியப் பத்தி சொல்லவேண்டியதும் தீந்துச்சு…”

“என்னப் பத்தி என்ன சொன்ன?” என்றாள் பெரியக்கா.

“நல்லதுதான் அண்ணி, அதான் சீக்கிரம் தீந்துடுச்சு. அப்புறம் உங்க ரூட்டு ஞாபகம் வந்துச்சு. சொல்லிட்டே இருந்தேன். நான் வாய நிறுத்தினா அந்த மெஷின் நின்னுடும்னு ஒரு நெனப்பு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனா அந்த நெனப்பு வந்துடுச்சு. அதுக்கப்புறம் நிறுத்த முடியல.”

யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி விழுந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த அமைதியில் டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையின் பொத்தான் மேலே போய்க் கீழே வருகிறதா என்று பார்ப்பது தெரிந்தது. அவள் பேசாமலேயே அது மேலே போனது. கீழே வந்தது. மறுபடி மேலே போனது.

“தப்பாச் சொன்ன” என்றார் கண்டக்டர், மெதுவாக. “அதத் திருத்தத்தான் எழுந்தேன்.”

“அப்போ சரியாச் சொல்லியிருந்தா தூங்கிட்டே இருந்திருப்பீங்க?”

“சரியாச் சொல்லியிருந்தா நம்ம வண்டி நல்லாத்தானே போகுதுன்னு படுத்திருப்பேன்.”

பிரேக்கு சிரித்தார். அவர் சிரித்தால் குளிர்காலத்தில் பழைய வண்டி கிளம்புகிற மாதிரி மூன்று தடவை இழுத்துத்தான் பிடிக்கும். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளையும் பேனாவையும் மேசையின் குறுக்கே தள்ளினாள். “நீங்களே எழுதுங்க. கைப்படத்தானே கேட்டிருக்காங்க.”

கண்டக்டர் எழுதினார். டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கிச் சில்லறை எழுதிப் பழகிய கை; நீளமாக எழுத வராது. ‘ஐயா, எனக்கு மூச்சு இருக்கிறது. என் பழைய வண்டியிலேயே, பழைய டிரைவரோடு வேலை வேண்டும். அறைச் சாவியை ஒப்படைக்கிறேன். பல்செட்டை யாராவது தேடி வந்தால் நல்லபடியாகக் கொடுக்கவும்.’ கீழே கையெழுத்து. டீச்சர் வாங்கிப் படித்தாள். சிவப்புப் பேனாவுக்குக் கை போனது, பாதியில் நின்றது.

“பல்செட்டு எதுக்குங்க இதுல?”

“அது பாவம், தனியா இருக்கும்.”

அவள் திருத்தவில்லை. “ஆனா ஒண்ணு” என்றாள். “முதல் நாள் நானும் வருவேன். கடைசி ஸ்டாப்பு வரைக்கும்.”

“டிக்கெட் எடுக்கணும்.”

“எடுப்பேன். உங்ககிட்ட சில்லறை இருக்குமா?”

“இருக்காது.”

“வியாழக்கிழமை?” என்றான் மருந்துக்கடை, இரண்டாவது சீட்டை ஃபைலில் வைத்தபடி. ஃபைலின் மேல் அட்டையில் மாமா பேர் இருந்தது. அதை அடிப்பதா, கீழே அக்கா பேரைச் சேர்ப்பதா என்று அவன் யோசித்தான்.

“வியாழக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார் கண்டக்டர். “நான் பேசமாட்டேன். கூட உக்காந்திருப்பேன்.”

கடித உறை புதுசு, வாய் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. டீச்சர் நகத்தால் பிரிக்கப் பார்த்தாள். கண்டக்டர் அதை வாங்கி, பஸ்ஸில் ஒட்டிக்கொண்ட டிக்கெட்டைப் பிரிப்பது போல, உதட்டருகே வைத்து ஒரே ஊது ஊதினார். உறை புஸ்ஸென்று உப்பி, கோபத்தில் கன்னம் உப்பிய குழந்தை மாதிரி நின்றது. டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். கடிதத்தையும் டாக்டரின் முதல் சீட்டையும் உள்ளே விட்டு, காற்று இறங்குவதற்குள் அவசர அவசரமாக மடிப்பை ஒட்டினாள். “அமுக்கும்மா, தபால்பெட்டி வாய்க்குள்ள போகாது” என்றாள் பெரியக்கா. டீச்சர் அமுக்கவில்லை.

தபால்பெட்டி தெருமுனையில். ஐந்து பேரும் போனார்கள். ஒரு உறைக்கு ஐந்து பேர் அதிகம்தான். பிரேக்கு முன்னால், கண்டக்டர் கடைசியில். உப்பிய உறை பெட்டியின் வாயில் பாதியில் சிக்கியது. டீச்சர் விரலால் தள்ளினாள், அசையவில்லை.

“ரைட்டு, சொல்லேன்” என்றார் பிரேக்கு.

“போலாம், ரைட்” என்றார் கண்டக்டர்.

உறை உள்ளே போய்விட்டது. விழுந்த சத்தம் வரவில்லை. மற்றவர்கள் திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். டீச்சர் மட்டும் நின்று, குனிந்து, பெட்டியின் வாயில் காதை வைத்துக் கேட்டாள்.